‘டினையல்’ படமும் விமர்சகர்களும்: தருமபுரி, கிருஷ்ணகிரித் திரையிடல்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016ல் வந்த ‘டினையல்’ ஒரு நீதிமன்றப் படம். நடந்த வரலாற்றை நடக்கவே இல்லை என்று மறுப்பவர் ஒருவர், தன்னைப் பொய்யர் என்று எழுதிய பேராசிரியர்மீது போட்ட வழக்குதான் கதை. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கல்லூரிகளிலும் வாசகர் வட்டங்களிலும் இதைத் திரையிட நினைப்பவர்களும் பார்த்து முடித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் கீழே. முடிவு தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். யார் ஜெயித்தார் என்பது 2000லேயே உலகத்துக்குத் தெரிந்த செய்தி.

வழக்கு என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் டெபோரா லிப்ஸ்டாட், ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் கொல்லப்பட்டதை மறுப்பவர்களைப் பற்றி 1993ல் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு பெங்குவின் அதை இங்கிலாந்தில் வெளியிட்டது. ஆவணங்களைத் திரிப்பவர் என்று அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவர்களில் ஒருவர் டேவிட் இர்விங் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். அவர் 1996 செப்டம்பரில் லிப்ஸ்டாட்மீதும் பெங்குவின்மீதும் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 2000 ஜனவரி 11ல் விசாரணை தொடங்கியது. ஜூரி கிடையாது, நீதிபதி சார்லஸ் கிரே ஒருவர் மட்டும். இர்விங் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். ஏப்ரல் 11ல் 300 பக்கத்துக்கு மேற்பட்ட தீர்ப்பு வந்தது. இர்விங் தோற்றார்.

லிப்ஸ்டாட் இந்த அனுபவத்தை 2005ல் புத்தகமாக்கினார். அதிலிருந்து டேவிட் ஹேர் திரைக்கதை எழுத, மிக் ஜாக்சன் இயக்கினார். லிப்ஸ்டாட்டாக ரேச்சல் வைஸ், இர்விங்காக திமோத்தி ஸ்பால், வக்கீல் ரிச்சர்ட் ராம்ப்டனாக டாம் வில்கின்சன், வழக்கைத் தயாரிக்கும் சொலிசிட்டர் அந்தோனி ஜூலியஸாக ஆண்ட்ரூ ஸ்காட் நடித்தார்கள்.

வழக்குப் போட்டவர் இர்விங். அப்புறம் ஏன் லிப்ஸ்டாட் நிரூபிக்க வேண்டும்?

அவதூறு வழக்கில் இங்கிலாந்துச் சட்டம் அப்படித்தான். எழுதப்பட்டது பொய் என்ற அனுமானத்தோடுதான் வழக்கே தொடங்கும். அது உண்மை என்று காட்டும் சுமை எழுதியவர் தலையில். அமெரிக்காவில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். பிரபலமான ஒருவர் வழக்குப் போட்டால் சொல்லப்பட்டது பொய் என்று அவர்தான் காட்ட வேண்டும். இர்விங் லண்டனில் வழக்குப் போட்டதற்கு இது போதுமான காரணம்.

நமக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. இந்தியாவிலும் சிவில் அவதூறு வழக்கில் ‘நான் எழுதியது உண்மை’ என்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது. கிரிமினல் அவதூறில் இன்னும் ஒரு படி அதிகம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499லும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356லும் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். இதை முன்கூட்டியே ஐந்து நிமிடம் விளக்கிவிட்டுப் படத்தைப் போட்டால் இடைவேளையில் பாதிக் கேள்விகள் குறையும்.

விமர்சகர்கள் மொத்தத்தில் பாராட்டினார்களா, கழுவி ஊற்றினார்களா?

பாராட்டினார்கள், ஆனால் எழுந்து நின்று கைதட்டவில்லை. விமர்சனங்களைத் தொகுக்கும் ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. மெட்டாகிரிட்டிக்கில் 100க்கு 60களின் தொடக்கம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்து ‘ஒருத்தன் சூப்பர் என்கிறான், இன்னொருத்தன் சுமார் என்கிறான்’ என்று குழம்புகிறவர்கள் அதிகம். இரண்டு தளமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

முதல் எண், ‘பார்க்கலாம்’ என்று சொன்ன விமர்சனங்கள் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. பத்துப் பேர் எழுதி, பத்துப் பேரும் பத்துக்கு ஆறு கொடுத்தாலும் அங்கே 100 சதவீதம் வந்துவிடும். இரண்டாவது எண் மதிப்பெண்களின் சராசரி, அதிலும் சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை போட்டு எடுத்தது. முதல் எண் உயரமாகவும் இரண்டாவது நடுவிலும் இருந்தால், பெரும்பாலோருக்குப் பிடித்தது, யாரையும் உலுக்கவில்லை என்று படித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படத்துக்கு வந்த வரவேற்பு சரியாக அதுதான்.

எதை அதிகம் மெச்சினார்கள்?

நடிப்பை, முக்கியமாக ஸ்பாலையும் வில்கின்சனையும். ஸ்பாலின் இர்விங் கத்துகிற வில்லன் இல்லை. மரியாதையாகப் பேசுகிறார், கொஞ்சம் காயப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார், கேமரா கண்ணில் பட்டால் மலர்கிறார். அந்த மரியாதைக்குள்ளேதான் விஷம் இருக்கிறது என்று பலரும் எழுதினார்கள். வில்கின்சனின் ராம்ப்டன் இதற்கு நேர் எதிர். குறுக்கு விசாரணையில் இர்விங்கின் முகத்தைப் பார்க்கவே மறுப்பவர்.

நீதிமன்ற வசனங்கள் அனைத்தும் விசாரணைப் பதிவிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்று திரைக்கதையாசிரியர் ஹேர் சொன்னார். அதுவும் பாராட்டைப் பெற்றது. உண்மையைப் பற்றிய படத்தில் கோர்ட் காட்சிக்குக் கற்பனை வசனம் எழுதினால், மறுப்பவர்கள் கையில் நாமே கத்தியைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கட்டுப்பாட்டை அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டார்.

குறையாக என்ன சொன்னார்கள்?

நான்கு குறைகள் அடிக்கடி வருகின்றன. டிவி படம் மாதிரி இருக்கிறது, காட்சிமொழியில் துணிச்சல் இல்லை என்பது ஒன்று. இது நியாயம். படமாக்கிய விதம் ரொம்பப் பத்திரமானது. முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எங்கே என்பது அடுத்தது. இது பாதி நியாயம்தான், ஏனென்றால் படம் யார் ஜெயிப்பார் என்பதை விட்டுவிட்டு எப்படி என்பதைத் துரத்துகிறது. ரேச்சல் வைஸின் நியூயார்க் குவீன்ஸ் உச்சரிப்பு சிலருக்கு உறுத்தியது. தமிழ் சப்டைட்டிலோடு பார்க்கிற நமக்கு அது பிரச்சினையே இல்லை, விட்டுவிடலாம்.

நான்காவதுதான் எடைபோட வேண்டியது: கதாநாயகி கோர்ட்டில் வாயே திறப்பதில்லை. நடுநாயகமாக இருக்க வேண்டியவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார், அதனால் படத்துக்கு நெஞ்சு இல்லை என்றார்கள்.

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. நாயகி பேசாத கோர்ட் படம் ஒரு படமா?

தமிழ்ப் பார்வையாளருக்கு இது இரட்டிப்பாக உறுத்தும். 1952ல் ‘பராசக்தி’யில் குற்றவாளிக் கூண்டில் நின்று சிவாஜி பேசிய நாளிலிருந்து, கோர்ட் காட்சி என்றாலே பாதிக்கப்பட்டவர் எழுந்து நின்று பொழிய வேண்டும் என்று நம் காது பழகிவிட்டது. வசனம் முடியும்போது தீர்ப்பு நம் மனசில் எழுதப்பட்டுவிடும், நீதிபதி அதை வாசித்தால் போதும்.

‘டினையல்’ அந்தச் சுகத்தைத் தர மறுக்கிறது. மறுப்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. லிப்ஸ்டாட்டைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று அவருடைய வக்கீல்கள் முடிவெடுத்தது உண்மைச் சம்பவம். அவர் எழுதியது புத்தகத்தில் அச்சில் இருக்கிறது, அதற்கு மேல் அவர் வாயால் சொல்லி நிரூபிக்க ஒன்றுமில்லை. கூண்டில் ஏறினால் இர்விங் நாள்கணக்கில் குறுக்கு விசாரணை செய்வார். வழக்கின் வெளிச்சம் இர்விங்கின் எழுத்தைவிட்டு லிப்ஸ்டாட்டின் ஆள்தன்மைமேல் திரும்பும். அவர் உட்கார்ந்தே இருந்தால், எல்லாரும் இர்விங்கின் அடிக்குறிப்புகளைத்தான் பார்த்தாக வேண்டும்.

ஆகவே ‘நாயகி செயலற்றவர்’ என்ற குறை, படத்தின் மையச் சிக்கலையே படத்தின் பலவீனம் என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. பேசத் தெரிந்த, பேசத் துடிக்கிற ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் இங்கே நாடகம். அந்தத் துடிப்பு போதுமான அளவு திரையில் தெரிகிறதா என்று கேட்டால், இல்லை. வைஸுக்கு முகபாவம் காட்டக் கொடுத்த காட்சிகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன. குறை சொல்வதென்றால் அங்கே சொல்ல வேண்டும்.

நாஜி வதைமுகாம்களில் உயிர்பிழைத்தவர்களைக்கூடச் சாட்சி சொல்ல விடவில்லையே. இது அநியாயம் இல்லையா? நம் வாச்சாத்திப் பெண்கள் கோர்ட்டில் சொன்னதால்தானே தீர்ப்பே வந்தது?

இந்த வட்டாரத்தில் படத்தைப் போட்டால் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். சரியான கேள்வியும்கூட.

வாச்சாத்தி விவரம் தெரியாத இளம் பார்வையாளர்களுக்காக: அரூருக்குப் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள பழங்குடியினர் கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ல், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் ஊரைக் கூட்டினார்கள், அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அரசுத் தரப்பு மறுத்தது. 1995ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சிபிஐ விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, அதில் 17 பேர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம். 2023ல் மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29ல் தண்டனை உறுதியானது. பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியம் நம்பத்தகுந்தது என்று உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இப்போது இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாச்சாத்தியில் கோர்ட் முன்னால் இருந்த கேள்வி ‘இது நடந்ததா, செய்தது யார்’ என்பது. அதற்கு விடை அந்தப் பெண்களிடம்தான் இருந்தது. காகிதமெல்லாம் குற்றம் சாட்டப்பட்ட துறைகளின் கையில் இருந்தது. அணிவகுப்பில் நின்ற சீருடைக்காரர்களில் இவன்தான் என்று விரல் நீட்டியது சாட்சியம். அதை எடுத்துவிட்டால் வழக்கு இல்லை.

லண்டனில் கேள்வி அது அல்ல. யூத இனப்படுகொலை நடந்ததா என்பதை வழக்காக்கக் கூடாது என்பதே லிப்ஸ்டாட் தரப்பு வக்கீல்களின் உத்தி. ‘இர்விங் தன் முன்னால் இருந்த ஆவணத்தைத் தெரிந்தே திரித்தாரா’ என்பது மட்டுமே கேள்வி. அதற்கு விடை சொல்ல முகாமிலிருந்து மீண்டவரால் முடியாது. ஜெர்மன் கையெழுத்து ஆவணத்தையும் இர்விங்கின் பக்கத்தையும் வரிக்கு வரி ஒத்துப்பார்க்கிற வரலாற்றாசிரியரால்தான் முடியும். இன்னொன்று, இர்விங்குக்கு வக்கீல் இல்லை. சாட்சி சொல்ல வந்த முதியவர்களைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது அவரே. ‘கதவு இடப்பக்கமா வலப்பக்கமா’ என்று கேட்டு, ஐம்பது வருட நினைவில் ஒரு தடுமாற்றத்தைப் பிடித்து, அதை ஊருக்குக் காட்டுவார்.

படத்தில் வேரா ரெய்க் என்ற மூதாட்டி நீதிமன்ற வராந்தாவில் லிப்ஸ்டாட்டைப் பிடித்து, எங்களைப் பேச விடுங்கள் என்று கேட்பார். அவருக்குப் படம் ஒரு நல்ல பதில் சொல்லவில்லை என்று சிலர் எழுதினார்கள். சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். அந்த வலிக்கு அந்த வழக்கில் இடமில்லை, அவ்வளவுதான்.

பிறகு எதை வைத்துத்தான் நிரூபித்தார்கள்? படத்தில் வேகமாகப் போய்விடுகிறது.

உண்மைதான், படத்தின் பெரிய இழப்பு இது. கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ், இர்விங்கின் அடிக்குறிப்புகளைத் துரத்தி எழுதிய நிபுணர் அறிக்கை 700 பக்கத்துக்கு மேல். அதுதான் வழக்கின் முதுகெலும்பு. திரையில் அவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். விட்டுப்போனதை ஈடுகட்ட, திரையிடலுக்கு முன்பு இந்த இரண்டு எடுத்துக்காட்டையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

ஒன்று, டிரெஸ்டன் குண்டுவீச்சு. 1945 பிப்ரவரியில் நேச நாடுகள் அந்த நகரத்தின்மேல் குண்டு போட்டன. இர்விங் தன் புத்தகத்தின் பிந்தைய பதிப்பில் பயன்படுத்திய ஒரு ஆவணத்தில் இறந்தவர் 2,02,040 பேர், இறுதி எண்ணிக்கை 2,50,000 வரை போகும் என்று இருந்தது. அசல் அறிக்கையில் இருந்தது 20,204, 25,000. யாரோ ஒவ்வொரு எண்ணின் கடைசியிலும் ஒரு பூஜ்யம் சேர்த்திருக்கிறார்கள். 1966லேயே அசல் எண்கள் வெளியே வந்தன, இர்விங்கே பத்திரிகைக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் பெரிய எண்களைச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. டிரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றுக் குழுவும் 2010ல் அதிகபட்சம் 25,000 என்றே முடிவுக்கு வந்தது. நேச நாடுகள் கொன்ற எண்ணிக்கையை ஊதிப் பெருக்கினால் ஜெர்மனி கொன்றது சாதாரணமாகத் தெரியும், அதுதான் பூஜ்யத்தின் வேலை.

இரண்டு, ஹிட்லரின் எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லரின் தொலைபேசிக் குறிப்பு. 1941 நவம்பர் 30ல் அவர் கைப்பட எழுதியது: பெர்லினிலிருந்து யூதர் ரயில், கொல்ல வேண்டாம். ஒரு ரயிலைப் பற்றிய குறிப்பு அது. அந்த ரயிலில் போனவர்கள் அன்று காலையிலேயே லாட்வியாவின் ரீகாவில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இர்விங் இதை, யூதர்களையே கொல்லக் கூடாது என்று ஹிட்லர் போட்ட பொது உத்தரவு மாதிரி எழுதினார். ‘பெர்லினிலிருந்து’ என்ற சொல்லை மறந்தால் ஒரு ரயில் ஒரு இனமாகிவிடுகிறது.

இப்படி ஒன்றிரண்டு அல்ல, பக்கம் பக்கமாக. எல்லாத் தவறும் ஹிட்லருக்குச் சாதகமாகவே விழுகிறது. கவனக்குறைவு என்றால் சில தவறாவது எதிர்ப்பக்கமும் விழுந்திருக்க வேண்டும்.

கடைசியில் நீதிபதி ஏதோ கேட்டதும் எல்லோர் முகமும் மாறுகிறதே, ஏன்?

‘ஒருவர் யூதர்களை மனசார வெறுக்கலாம், தான் எழுதுவதை மனசார நம்பவும் செய்யலாம் அல்லவா’ என்ற பொருளில் நீதிபதி கேட்பார். நிஜ விசாரணையின் இறுதிக் கட்டத்திலும் இந்தக் கேள்வி வந்தது. லிப்ஸ்டாட் எழுதியது ‘இர்விங் தப்பாக எழுதினார்’ என்று அல்ல, ‘தெரிந்தே திரித்தார்’ என்று. இர்விங் உண்மையிலேயே நம்பித்தான் எழுதினார் என்று ஆகிவிட்டால் ‘தெரிந்தே’ என்ற சொல் விழும், லிப்ஸ்டாட் தரப்பின் வாதமும் விழும். மேலே சொன்ன ஒருதலைச் சாய்வுதான் இதற்குப் பதில். நீதிபதி கிரே தீர்ப்பில் அதைத்தான் எடுத்துக்கொண்டார்: தற்செயலான பிழைகள் இவ்வளவு ஒழுங்காக ஒரே திசையில் சாயாது. படம் இந்த இடத்தில் பதற்றத்தை மட்டும் காட்டிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் தாண்டுகிறது.

தீர்ப்பில் இன்னொரு நுணுக்கம். லிப்ஸ்டாட் எழுதியவற்றில் சில சின்ன விஷயங்கள் நிரூபணமாகவில்லை. இர்விங்கின் மேசைக்கு மேல் ஹிட்லரின் ஓவியம் தொங்கியது என்பது அதில் ஒன்று. 1952ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, பெரிய குற்றச்சாட்டு நிரூபணமானால் சில்லறைக் குற்றச்சாட்டு நிற்காதது வழக்கைச் சாய்க்காது. விமர்சனம் எழுதுகிறவர்கள் ‘ஒவ்வொரு சொல்லும் நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதிவிடாதீர்கள்.

எது நிஜம், எது கற்பனை?

கோர்ட்டுக்குள் பேசுவது நிஜம். இர்விங் தன் சின்ன மகளுக்காக எழுதிய இனவெறிப் பாட்டு, கோர்ட்டில் வாசிக்கப்பட்ட அவருடைய டைரியிலேயே இருந்தது. 1994ல் அட்லாண்டா பக்கம் லிப்ஸ்டாட்டின் கூட்டத்துக்குள் நுழைந்து, யூதர்களைக் கொல்ல ஹிட்லர் போட்ட உத்தரவைக் காட்டினால் ஆயிரம் டாலர் தருகிறேன் என்று கூவியதும் நிஜம். வேரா ரெய்க் உருவாக்கப்பட்ட பாத்திரம். கோர்ட்டுக்கு வெளியே நடக்கும் உரையாடல்களை நாடகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இர்விங் மாதிரி ஆளுக்கு இவ்வளவு நேரம் மேடை கொடுத்தது தப்பு என்று ஒரு விமர்சனம் இருக்கிறதே?

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று இருக்கிறது: அவர் ஏன் இப்படி ஆனார் என்று படம் உள்ளே போகவே இல்லை, மேலோட்டமாக விட்டுவிட்டது என்று. இரண்டாவதுதான் வலுவானது. ஸ்பாலின் நடிப்பு திறந்த கதவுக்குள் திரைக்கதை நுழையவில்லை.

பேச்சுரிமையை நசுக்கிய வழக்கு என்று விவாதத்தில் யாராவது சொன்னால்?

வழக்குப் போட்டவர் இர்விங். புத்தகத்தைத் திரும்பப் பெற வைக்கப் பார்த்தது அவர். அவர் வாயை அடைக்க யாரும் அந்தக் கோர்ட்டுக்குப் போகவில்லை. 2006ல் ஆஸ்திரியாவில் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது வேறு வழக்கு, வேறு நாட்டுச் சட்டம். இரண்டையும் கலக்கிப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வெளியான நேரம் வரவேற்பை மாற்றியதா?

நிறையவே. டொராண்டோ விழாவில் 2016 செப்டம்பரில் முதல் காட்சி, மாதக் கடைசியில் அமெரிக்கத் திரையரங்குகள், இங்கிலாந்தில் 2017 ஜனவரி இறுதி. இடையில் அமெரிக்கத் தேர்தல் வந்தது. ‘போஸ்ட் ட்ரூத்’ (உண்மையைவிட உணர்ச்சியே எடுபடும் நிலை) என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2016க்கான சொல்லாக அறிவித்தது. செப்டம்பரில் எழுதியவர்கள் ‘ஒழுங்கான, கொஞ்சம் பழைய பாணிப் படம்’ என்ற தொனியில் எழுத, ஜனவரியில் எழுதியவர்களில் பலர் ‘இப்போது தேவையான படம்’ என்றார்கள். ஒரு விமர்சனத்தை மேற்கோள் காட்டும் முன் அதன் தேதியைப் பாருங்கள்.

விருது?

பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவில் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பரிந்துரை கிடைத்தது. ஆஸ்கரில் ஒன்றுமில்லை.

‘ஜெய் பீம்’, ‘விடுதலை’ படங்களுக்கு வந்த விமர்சனத்தோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஒரு எல்லைவரை. 2021ல் வந்த ‘ஜெய் பீம்’ 1993ல் நடந்த ராஜாகண்ணு காவல் மரண வழக்கை வைத்து எடுத்தது. பாராட்டு குவிந்தது. கூடவே, உண்மையில் பாதிக்கப்பட்ட குறவர் சமூகத்தை இருளர் என்று மாற்றியது ஏன், ஒரு காட்சியில் வந்த காலண்டர் சின்னம் யாரைக் குறிக்கிறது என்றெல்லாம் சர்ச்சை வெடித்தது. உண்மை வழக்கைப் படமாக்கும்போது பெயரையும் அடையாளத்தையும் மாற்றினால், மறுக்க நினைப்பவர்களுக்கு அந்த மாற்றமே பிடிமானமாகிறது. ‘டினையல்’ பெயர்களை மாற்றவில்லை, கோர்ட் வசனத்தைத் தொடவில்லை. விலையாகக் கொடுத்தது விறுவிறுப்பை. ‘ஜெய் பீம்’ கொடுத்த கண்ணீரில் பாதியைக்கூட இது கொடுக்காது.

2023 மார்ச்சில் வந்த ‘விடுதலை’ முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் பலர் வாச்சாத்தியை நினைத்தார்கள். அது கோர்ட் படம் அல்ல. பெண்கள்மேல் நடந்த வன்முறையை எவ்வளவு காட்டலாம் என்பதுதான் அங்கே விவாதம். ‘டினையல்’ நாஜி மரண முகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்குப் போகும்போது இடிபாடுகளையும் வேலிகளையும் மட்டும் காட்டுகிறது. ராம்ப்டன் எல்லோரையும் காக்க வைத்துவிட்டுத் தனியாக நடந்து இடத்தை அளந்துகொண்டிருப்பார், லிப்ஸ்டாட்டுக்கு எரிச்சல் வரும். பிறகு கோர்ட்டில், விஷவாயு அறை இருந்த கட்டடம் எஸ்எஸ் படையினருக்கான பதுங்குகுழி என்று இர்விங் சொல்லும்போது, படையினர் தங்கியிருந்த இடத்திலிருந்து அது எத்தனை தூரம் என்று கேட்பார். குண்டு விழும்போது அவ்வளவு தூரம் யார் ஓடிவருவார்கள்? படத்திலேயே திரும்பப் பார்க்க வேண்டிய இடம் இது.

திரையிட என்ன அனுமதி வேண்டும்?

கல்லூரிக்குள், மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கிற காட்சி என்றால் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மண்டபம் பிடித்துப் போஸ்டர் ஒட்டினால், இலவசமாகவே போட்டாலும், அது பொதுத் திரையிடல். உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், தணிக்கைச் சான்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எடுத்த ஓடிடி சந்தா இதற்குச் செல்லாது.

சப்டைட்டில் பத்து நிமிடத்தில் விலகிப்போகிறது. என்ன செய்வது?

படக்கோப்பு நொடிக்கு 25 ஃபிரேமிலும் சப்டைட்டில் 23.976க்குத் தயாரித்ததுமாக இருக்கும். தொடக்கத்தில் பொருந்தும், பத்தாவது நிமிடத்தில் 25 நொடி விலகும், 110 நிமிடப் படத்தின் கடைசியில் நாலரை நிமிடம். விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளை அழுத்தினால் மொத்தமாகத் தள்ளும், நீட்டாது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விலகும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றிச் சேமித்துவிட்டு, தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். தமிழ் வரிகளை நீங்களே தயாரித்தால் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற மாணவர்கள் நிறைய, தமிழைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பார்கள்.

மாணவர்கள் விமர்சனம் எழுதினால் எங்கே சறுக்குகிறார்கள்?

கதைச் சுருக்கத்திலேயே முக்கால் பக்கம் போய்விடுகிறது. லிப்ஸ்டாட் வழக்குப் போட்டதாக எழுதிவிடுகிறார்கள். சொலிசிட்டரையும் பாரிஸ்டரையும் குழப்புகிறார்கள். ஜூலியஸ் வழக்கைத் தயாரிப்பவர், ராம்ப்டன் கோர்ட்டில் பேசுபவர். நம் ஊரில் இரண்டையும் ஒரே வக்கீல் செய்வதால் வரும் குழப்பம் இது. படம் நல்லது என்பதற்குப் பதில் கொள்கை நல்லது என்று எழுதுவதும் உண்டு. ஒரு குறுக்கு விசாரணைக் காட்சியை எடுத்து, ராம்ப்டன் எங்கே பார்க்கிறார், இர்விங் எந்த வினாடியில் தடுமாறுகிறார் என்று மட்டும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

மூல ஆவணங்களை எங்கே படிக்கலாம்?

லிப்ஸ்டாட் பணியாற்றிய எமரி பல்கலைக்கழகம் விசாரணைப் பதிவுகள், நிபுணர் அறிக்கைகள், தீர்ப்பு எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முழுதும் படிக்க வருடம் ஆகும். தீர்ப்பின் கடைசிப் பகுதியில் நீதிபதி தன் முடிவுகளைத் தொகுக்கிறார், அதில் தொடங்குங்கள். பிறகு எவன்ஸ் அறிக்கையில் டிரெஸ்டன் பகுதி. அதற்குப் பிறகு விசாரணைப் பதிவில் ஒரு நாளை எடுத்து, படத்தின் அதே காட்சியோடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள்.